மீன் தொட்டி மணலும் நெல் வயல் சேறும்

கடல் மீன்களையும் உயிருள்ள பவளத்தையும் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்போர் பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்களில் ஒரு சாரார் தொட்டியின் அடியில் 4 முதல் 6 அங்குல கனத்துக்கு நைசான மணலைப் பரப்பி, பிறகு அதைக் கிளறாமலே விட்டுவிடுகிறார்கள். அழகுக்காக அல்ல, நீரில் சேரும் தழைச்சத்தை ஒழிப்பதற்காக. தழைச்சத்துக்காகக் காசைக் கொட்டும் நெல் விவசாயிக்கு இது வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் அந்த மணலுக்குள் நடப்பதுதான் நீர் கட்டிய வயலின் சேற்றிலும் நடக்கிறது. தொட்டிக்காரருக்கு அது லாபம். விவசாயிக்கு நஷ்டம்.

மீனின் கழிவும், தின்னாமல் எஞ்சிய தீனியும் அழுகி அம்மோனியாவாக மாறுகின்றன. அம்மோனியா மீனுக்கு விஷம். மணலின் மேல் பகுதியில், பிராணவாயு கிடைக்கும் இடத்தில் வாழும் ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட் ஆக்குகிறது. வேறொரு வகை அதை நைட்ரேட் ஆக்குகிறது. நைட்ரேட் அவ்வளவு கொடியதல்ல. ஆனால் அது எங்கும் போகாமல் நீரிலேயே தங்கி நாளுக்கு நாள் ஏறும். பாசி மண்டும், பவளம் நலியும். நன்னீர்த் தொட்டியானால் நீரை மாற்றிவிடலாம். கடலுக்குத் தொலைவில் இருப்பவர் உப்புக் கலவையை விலைக்கு வாங்கிக் கரைத்துத்தான் கடல் நீர் தயாரிக்க வேண்டும். அடிக்கடி மாற்றினால் கட்டுப்படியாகாது.

இங்கேதான் ஆழ்ந்த மணல் உதவுகிறது. நைசான மணலில் மேலிருந்து ஓர் அங்குலத்துக்குள்ளாகவே பிராணவாயு பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதற்குக் கீழே வாழும் பாக்டீரியாக்கள் வேறு வகையைச் சேர்ந்தவை. பிராணவாயு கிடைக்காதபோது, இவை நைட்ரேட்டில் உள்ள பிராணவாயுவைப் பிரித்து எடுத்துக்கொண்டு உயிர் வாழும். மிஞ்சும் நைட்ரஜன் வாயுவாகி மேலே போய்விடும். தொட்டியின் கண்ணாடி ஓரமாக, மணலுக்குள் சிறு குமிழிகள் தங்கியிருப்பதைச் சில சமயம் கண்ணாலேயே பார்க்கலாம்.

இம்முறையைப் பலரும் அறியச் செய்தவர்களில் முக்கியமானவர் பிரெஞ்சு விஞ்ஞானி ழான் ழோபேர். 1980-களில் அவர் தொட்டியின் அடியில் துளையிட்ட தட்டு ஒன்றை வைத்து, அதற்குக் கீழே அசையாத நீர் நிற்க இடம் விட்டு, மேலே பவள மணலைப் பரப்பினார். மொனாக்கோ நாட்டின் கடலியல் காட்சிச்சாலையில் இம்முறையில் பவளம் வளர்க்கப்பட்டது. பிறகு அமெரிக்காவில் ரான் ஷிமெக் போன்றவர்கள், தட்டும் வேண்டாம், வெற்றிடமும் வேண்டாம், மணல் போதிய ஆழமாகவும் ரவையை விட நைசாகவும் இருந்தால் போதும் என்று எழுதினார்கள். பருமணலில் அழுக்கு இறங்கி அடைத்துக்கொள்ளும்.

மணல் மட்டும் இருந்தால் ஆகாது. அதில் சிறு புழுக்களும், நத்தைகளும், கூனிபோன்ற நுண்ணிய பிராணிகளும் வாழ வேண்டும். வயலுக்கு மண்புழு எப்படியோ, தொட்டி மணலுக்கு இவை அப்படி. மேல் மணலை இறுகவிடாமல் துளைத்து, கழிவைத் தின்று, கீழே உள்ள பாக்டீரியாவுக்கு உணவும் நைட்ரேட்டும் இறங்க வழி செய்பவை இவையே. இந்தப் புழுக்களைத் தின்று தீர்க்கும் சில வகை நட்சத்திர மீன்களைத் தொட்டியில் விட்டால், சில மாதங்களில் மணல் செத்துவிடும். நுண்ணுயிர்கள் பெருகி மணல் பக்குவப்படவே பல மாதங்கள் ஆகும். அவசரக்காரருக்கு ஏற்ற முறையல்ல இது. (பவள மணலோ பவளமோ வேண்டும் என்று நம் கடலோரத்தில் யாரும் கை வைத்துவிடக் கூடாது. கடினப் பவள இனங்கள் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ளன.)

கிளறக் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. நைட்ரேட்டும் தீர்ந்துபோன அடிமட்டத்தில் கந்தகச் சேர்மங்கள் சிதைந்து, அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகும். கிளறினால் அது நீரில் கலந்து மீன்களுக்கு ஆபத்தாகும். வடிகால் இல்லாத வயலில் கால் வைக்கும்போது எழும் நாற்றமும் அதுவே.

ஆண்டுகள் செல்லச் செல்ல, சில தொட்டிகளில் நைட்ரேட் குறைவாக இருந்தும் பாசி பெருகியது. தழைச்சத்துக்கு வாயுவாகிப் பறந்துபோக வழி உண்டு. மணிச்சத்துக்கு அந்த வழி கிடையாது. தீனியின் மூலம் வந்த மணிச்சத்து மணலில் சேர்ந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் நீருக்குத் திரும்பியது. ஆகவே இன்று பலர் மணலை மெல்லியதாகப் போடுகிறார்கள், அல்லது ஆழ்ந்த மணலைத் தனி வாளியில் வைத்துத் தொட்டி நீரை அதன்மேல் ஓடவிடுகிறார்கள். மணல் கெட்டால் வாளியை மட்டும் மாற்றிவிடலாம். ஆண்டுதோறும் டி.ஏ.பி. இட்டு வரும் நிலத்தில் மண் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்வதும் இதே காரணத்தால்தான். இட்ட மணிச்சத்தில் பெரும் பகுதி மண்ணிலேயே இருக்கக்கூடும்.

இனி வயலுக்கு வருவோம். வயல் சேற்றை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பாதி நிரப்பி, மேலே நீர் ஊற்றி, சில வாரம் அசைக்காமல் வைத்தால் மேலே மெல்லிய பழுப்பு ஏடும் கீழே சாம்பல் அல்லது கருநீலச் சேறும் தனித்தனியே தெரியும். பழுப்பு ஏட்டில் பிராணவாயு உண்டு, கீழே இல்லை. நிற்கும் நீரில் தூவிய யூரியா முதலில் அம்மோனியம் ஆகிறது. பாசி படர்ந்த வயலில் உச்சி வெயில் நேரத்தில் அதில் ஒரு பகுதி ஆவியாகிப் போகும். இன்னொரு பகுதி பழுப்பு ஏட்டில் நைட்ரேட்டாக மாறி, நீரோடு கீழே இறங்கி, சாம்பல் சேற்றில் வாயுவாகிவிடும். தொட்டி மணலில் நடப்பது அப்படியே இங்கும் நடக்கிறது. வயல் காய்ந்து நனையும்போது இந்த இழப்பு கூடும். நெல்லுக்கு இட்ட யூரியாவின் தழைச்சத்தில் 30 முதல் 40 சதமே பயிருக்குச் சேர்கிறது என்று பொதுவாகக் கணக்கிடப்படுகிறது.

வயல் சேற்றின் இந்த இரண்டு அடுக்குகளையும், தழைச்சத்து பறந்துபோகும் வழியையும் ஜப்பானிய மண்ணியல் அறிஞர் ஷியோயிரி விளக்கினார். பரிகாரமும் அதிலிருந்தே கிடைத்தது. அம்மோனிய உரத்தை நேராகச் சாம்பல் சேற்றுக்குள் வைத்துவிட்டால், அங்கே பிராணவாயு இல்லாததால் அது நைட்ரேட்டாக மாறாது. மாறாவிட்டால் பறக்கவும் முடியாது. வேர் அங்கே தேடிப்போய் எடுத்துக்கொள்ளும்.

பங்களாதேஷில் லட்சக்கணக்கான சிறு விவசாயிகள் இதைக் கையாண்டிருக்கிறார்கள். சாதாரண யூரியாவை இயந்திரத்தில் அழுத்தி 1.8 கிராம் அல்லது 2.7 கிராம் எடையுள்ள குண்டுகளாகச் செய்கிறார்கள். அங்கே அதற்குப் பெயர் 'குட்டி' யூரியா. உருண்டை என்று பொருள். நம் காதுக்குக் குட்டியாக இருந்தாலும் சாதாரண யூரியா மணியை விட அது பல மடங்கு பெரியது. 20 சென்டிமீட்டர் இடைவெளியில் வரிசையாக நட்ட வயலில், நடவு முடிந்து ஒரு வாரம் பத்து நாளில், நாலு குத்துக்கு நடுவே ஒரு குண்டு வீதம் 7 முதல் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்து மூடுகிறார்கள். 1.8 கிராம் குண்டானால் ஏக்கருக்குச் சுமார் 25,000 குண்டு, அதாவது இப்போதைய 45 கிலோ மூட்டை ஒன்றுதான் செல்லும். போகம் முழுவதற்கும் அந்த ஒரு தடவை போதும். தூவுவதைவிட மூன்றில் ஒரு பங்கு வரை யூரியா மிச்சமாகிறது. பிறகு குண்டு வைத்த இடத்தை மிதித்துக் கலக்கக் கூடாது. தொட்டி மணலுக்குச் சொன்ன அதே விதி.

குனிந்து 25,000 இடத்தில் கை வைக்க ஆள் கூலி ஆகும் என்பதும், வரிசை நடவு வேண்டும் என்பதும் இதன் குறைகள். குண்டு கிடைக்காத ஊரிலும் செய்யக்கூடியவை உண்டு. அடியுரமாக இடும் யூரியாவை நீரை வடித்துவிட்டு இட்டு, கடைசி உழவில் சேற்றோடு கலந்துவிடலாம். மேலுரத்தை வயலில் நீரை வடித்த பின் இட்டு, மறுநாள் நீர் கட்டலாம். 2015 முதல் நாட்டில் தயாராகும் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. அம்மோனியத்தை மாற்றும் முதல் வகை பாக்டீரியாவின் வேகத்தை வேம்பு மட்டுப்படுத்தும் என்பதால்தான் இந்த ஏற்பாடு.

ஆழத்தில் வைக்கும் முறை களிமண், வண்டல் நிலங்களுக்கே ஏற்றது. நீர் விரைவாக இறங்கும் மணற்பாங்கான வயலில் குண்டு வைத்தால், சத்து வேருக்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விடும். அத்தகைய நிலத்தில் யூரியாவை மூன்று நான்கு தவணையாகப் பிரித்து மேலே இடுவதே நல்லது.