செல்லும் காசும் செல்லாக் காசும்

சென்ற திருவிழாவின்போது அர்ச்சனைச் சீட்டு வழங்கும் இடத்தில் நடந்த நிகழ்ச்சி இது. மூதாட்டி ஒருவர் முந்தானையில் முடிந்து வைத்திருந்த பத்துக் காசு நாணயங்களை எண்ணி வைத்தார். ஐந்து வெள்ளிக்கு 50 நாணயங்கள். "இவ்வளவு சில்லறை வாங்க முடியாது பாட்டி, சட்டம் இடம் கொடுக்காது" என்றார் நம் இளந்தொண்டர். அந்த அம்மையார் மறுபேச்சின்றி முடிச்சைக் கட்டத் தொடங்கினார். நான் குறுக்கிட்டு, காசைப் பெற்றுக்கொண்டு சீட்டுக் கொடுக்கச் செய்தேன். ஆயினும் சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது என்பதை நாம் அனைவரும் அறிந்திருப்பது நல்லது.

நம் நாட்டில் 2020 அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்த நாணயச் சட்டத்தின்படி, ஒரு முறை பணம் செலுத்தும்போது 25 நாணயங்கள் வரை கொடுக்கலாம். அதுவரை அவை சட்டப்படி செல்லும். அனைத்தும் 50 காசாக இருந்தால் 12 வெள்ளி 50 காசு. ஐந்து காசாக இருந்தால் 1 வெள்ளி 25 காசு. நோட்டுகளுக்கு இத்தகைய வரம்பு இல்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த வரம்பு, மூட்டை மூட்டையாகச் சில்லறையைக் கொட்டுவோரிடமிருந்து பெறுபவரைக் காப்பதற்காக ஏற்பட்டது. 26ஆவது நாணயத்தை வாங்கக் கூடாது என்று அது தடை விதிக்கவில்லை. மனமிருந்தால் எத்தனை வேண்டுமானாலும் வாங்கலாம்.

எவை செல்லும், எவை செல்லா? 2012இல் புதிய நாணயங்கள் வந்தபோதிலும், 1989ஆம் ஆண்டு வரிசையைச் சேர்ந்த பம்பரம் பொறித்த ஐந்து காசும், பல்லாங்குழி பொறித்த பத்துக் காசும் இன்றும் செல்லும். 2008 ஏப்ரல் முதல் ரொக்கமாகச் செலுத்தும் மொத்தத் தொகை ஐந்து காசுக்கு முழுமையாக்கப்படுகிறது. அதனால் ஒரு காசு புழக்கத்தில் அருகிப்போனதே தவிர, செல்லாக் காசாகிவிடவில்லை. கிரிஸ் கத்தி பொறித்த ஒரு வெள்ளி நாணயம் மட்டும், போலிகள் பெருகியது உள்ளிட்ட காரணங்களால், 2005 டிசம்பர் 7 முதல் செல்லாது.

பாலத்துக்கு அருகில் வாழும் ஜொகூர்வாசிகளான நமக்கு இன்னொரு செய்தியும் உண்டு. 1973 மே 8 வரை சிங்கப்பூர்ப் பணமும் நம் பணமும் சரிக்குச் சரி மாற்றத்தக்கவையாக இருந்தன. இன்று அந்நாட்டு நாணயம் இங்கே சட்டப்படி செல்லாது. உண்டியல் எண்ணும்போது அதைத் தனியே பிரித்து வைப்பது இதனால்தான்.

ஆகவே, வழிபாட்டுக்குச் சில்லறை கொண்டு வரும் அன்பர்கள், கூட்டம் குறைந்த வேளையில் வகைவாரியாகப் பிரித்துக் கொண்டு வந்தால் தொண்டர்களுக்கு உதவியாக இருக்கும். தொண்டர்களும் நாணயத்தின் எண்ணிக்கையோடு கொடுப்பவரின் முகத்தையும் பார்க்க வேண்டும். அந்த 50 நாணயங்களை எண்ணி முடிக்க எங்களுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அவற்றைச் சேர்க்க அந்த அம்மையாருக்கு எத்தனை நாள் ஆயிற்றோ!