கல்லில் எழுதிய பாடம்

சென்ற மாதம் நண்பர் ஒருவருடைய வீட்டில் நடந்த சம்பாஷணை இது. பன்னிரண்டு வயதுள்ள அவருடைய புதல்வன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையை இறக்கி வைத்தான். "இன்று சரித்திர வகுப்பில் என்ன சொன்னார்கள், தம்பி?" என்று கேட்டோம்.

"எல்லாம் நோட்டில் இருக்கிறது, மாமா" என்றான்.

"நோட்டில் இருப்பது இருக்கட்டும்; உன்னிடம் என்ன இருக்கிறது?"

பையன் நம்மை ஒரு முறை பார்த்தான். தகப்பனாரை ஒரு முறை பார்த்தான். பிறகு நோட்டையே எடுத்து நம் கையில் கொடுத்துவிட்டான். ஆறு பக்கம் முத்து முத்தான எழுத்து. எழுத்துப் பிழைகூட அதிகமில்லை. ஆனால் அந்த ஆறு பக்கத்தில் ஒரு விஷயத்தையாவது அவனால் தன் சொந்த வார்த்தையில் சொல்ல முடியவில்லை.

பையன் மேல் குற்றமில்லை. உபாத்தியாயர் வேகமாகச் சொல்லுகிறார். அவன் அதைவிட வேகமாக எழுதப் பார்க்கிறான். வாய்க்கும் கைக்கும் நடக்கும் இந்தப் பந்தயத்தில் காதுக்கு வேலையே இல்லாமற் போய்விடுகிறது. இந்தக் கவலையோடுதான் சில நாட்களுக்குப் பின் புதுக்கோட்டை ஜில்லாவைச் சேர்ந்த குடுமியான்மலைக்குச் சென்றோம். அங்கே பாறை ஒன்றில் நாம் கண்ட பழைய பாடக் குறிப்பு, அந்தப் பையனுடைய நோட்டையே நமக்கு மறுபடியும் நினைவூட்டியது.

மாணாக்கருக்காக ஒரு மன்னன்

புதுக்கோட்டை நகரத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது குடுமியான்மலை. சிகாநாதசுவாமி கோயிலின் மண்டபங்களையும் சிற்பத் தூண்களையும் பார்த்து வியந்தபின், மலையைக் குடைந்து அமைத்த 'மேலைக்கோயில்' என்னும் குகைக்கோயிலுக்கு வருகிறோம். அதன் பக்கத்துப் பாறையில், ஏறக்குறைய 13 அடிக்கு 14 அடி அளவுள்ள பரப்பில், வரிசை வரிசையாகக் கிரந்த எழுத்துக்கள். தானமும் இல்லை, யுத்த வெற்றியும் இல்லை; சாசனம் முழுவதும் ஸ்வரங்கள்! மத்யமக்ராமம், ஷட்ஜக்ராமம், ஷாடவம், ஸாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்யமம், கைசிகம் என்னும் ஏழு தலைப்புக்களின் கீழ், நான்கு நான்கு ஸ்வரங்களாகத் தொகுத்துச் செதுக்கியிருக்கிறார்கள். எழுத்தின் அமைப்பைக் கொண்டு இது கி. பி. ஏழாம் நூற்றாண்டை ஒட்டியது என்று கணிக்கின்றனர்.

யார் எழுதுவித்தது? மன்னனின் பெயர் கல்லில் இல்லை. மகேந்திரவர்ம பல்லவன் என்பது பலருடைய எண்ணம்; அறிஞர்கள் எல்லோரும் அதை ஒப்பவில்லை. பெயரைச் சொல்லாத அந்த மன்னன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் விஷயங்கள் வேறு. அவன் சிவபக்தன், ருத்ராசாரியர் என்பவருடைய சிஷ்யன், மாணாக்கரின் நன்மைக்காக இந்த ஸ்வரத் தொகுதிகளைச் செய்தான். அதாவது, ஒரு குருவின் காலடியில் உட்கார்ந்து கேட்ட ஒருவன், தனக்குப் பின் கேட்கப் போகிறவர்களுக்கு உதவியாகக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறான். நம் தேசத்தில் பழைய பாடக் குறிப்புக்கள் எத்தனையோ ஓலையில் இருந்து செல்லரித்துப் போயின. இது கல்லில் இருந்ததால் பிழைத்தது.

எழுத்து இருக்கிறது, இசை எங்கே?

1913-14-ம் வருஷத்து 'எபிகிராபியா இண்டிகா' தொகுதியில் பண்டார்க்கர் என்னும் அறிஞர் இந்தச் சாசனத்தை ஆராய்ந்து வெளியிட்டார். அதற்குப் பின் சங்கீத வித்வான்களும் சரித்திர ஆராய்ச்சியாளரும் இதைப் பலவாறு ஆராய்ந்திருக்கின்றனர். எழுத்துக்களைப் படித்துவிட்டார்கள். ஆனால் ஒரே ஸ்வரம் 'ர, ரி, ரு, ரெ' என்று வெவ்வேறு உயிரொலி ஏறி வருகிறதே, அது எதைக் குறிக்கிறது? சுருதி பேதம் என்பர் சிலர். வீணையில் விரல் மீட்டும் முறை என்பர் வேறு சிலர். சில எழுத்துக்களின் மேல் புள்ளி வைத்திருக்கிறதே, அது எதற்கு? 'இவை எட்டுக்கும் ஏழுக்கும் உரியவை' என்னும் பொருள்பட இறுதியில் ஒரு தமிழ் வரி வருகிறதே, எந்த எட்டு, எந்த ஏழு? இவற்றில் எதைப் பற்றியும் அறிஞரிடையே முடிந்த முடிபு இல்லை.

சாசனத்தைச் செய்த மன்னனோ, அவனிடம் பாடங்கேட்ட மாணாக்கனோ இந்தக் கேள்விகளைக் கேட்டிருக்கவே மாட்டான். அந்தப் புள்ளியைப் பார்த்த உடனே அவன் காதில் ஒரு நாதம் எழுந்திருக்கும். குருவின் குரலைக் கேட்டவனுக்கு அந்தப் புள்ளியே போதும். நமக்கோ பாறை முழுவதும் எழுத்து இருந்தும் அந்த இசை எட்டவில்லை. நடுவில் எங்கோ ஒரு தலைமுறையில் கேட்கும் சங்கிலி அறுந்துவிட்டது.

குறிப்பு என்பது கேட்டவனுக்கு நினைவூட்டுவது. கேளாதவனுக்கு அது கற்றுக் கொடுக்க மாட்டாது. நண்பரின் புதல்வனுடைய ஆறு பக்கமும் இத்தகைய பாறைதான். அதை எழுதினவனே அதைக் கேட்கவில்லை.

எழுதாமலே இருந்துவிட்டால் நல்லது என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. அதே ஜில்லாவில் திருமயத்துக் குகைக்கோயிலிலும் ஒரு சங்கீத சாசனம் இருந்தது. பிற்காலத்தில் அதன் மேலேயே வேறொரு சாசனத்தை வெட்டிவிட்டார்கள். பழையதில் பெரும்பகுதி அழிந்தது. அங்கே ஆராய்ச்சி செய்வதற்குக்கூட அதிகம் மிஞ்சவில்லை. எழுத்தும் வேண்டும், அதற்கு முன்னால் காதும் வேண்டும்.

அறுந்த சங்கிலி சேர்ந்த கதை

அறுந்துபோக இருந்த இத்தகைய சங்கிலியை ஒருவர் பிடித்து நிறுத்திய வரலாறும் தமிழ்நாட்டில் உண்டு. உ. வே. சாமிநாதையர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 1871 முதல் பாடங்கேட்டவர். ஆசிரியர் சொல்லச் சொல்ல ஏட்டில் எழுதிப் பழகிய பரம்பரை அது. 1880-ல் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார், "சீவகசிந்தாமணி படித்ததுண்டா?" என்று அவரைக் கேட்டார். ஐயர் அதை யாரிடமும் கேட்டதில்லை. சுவடியும் நச்சினார்க்கினியர் உரையும் கைக்குக் கிடைத்தன. ஆயினும் ஜைன சமயச் செய்திகள் பல விளங்கவில்லை.

அப்போது கும்பகோணத்திலேயே ஜைனர்கள் சிலர் வீடுகளில் சிந்தாமணியைப் படிப்பதும் கேட்பதும் வழிவழியாக நடந்து வருவது தெரிந்தது. கல்லூரி ஆசிரியராகிய அவர் கௌரவம் பாராமல் அவர்களிடம் சென்று மாணவனைப் போல் ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தார். 1887-ல் சிந்தாமணி அச்சில் வந்தது. ஏடு ஓர் இடத்தில் இருந்தது. கேள்வி வேறிடத்தில் உயிரோடு இருந்தது. இரண்டையும் அவர் சேர்த்து வைத்தார். குடுமியான்மலைக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை.

நம் முன்னோர் கணக்கு

தமிழில் நாம் பாடம் 'படித்தோம்' என்பதைவிடப் பாடம் 'கேட்டோம்' என்றே பெரியோர் சொல்லுவர். திருவள்ளுவர் கல்விக்கும் கல்லாமைக்கும் அடுத்தபடியாகக் கேள்விக்கென்றே ஓர் அதிகாரம் வைத்தார். நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவரோ பாடங்கேட்கும் முறையையே பாயிரத்தில் வகுத்துக் கூறுகிறார். ஒரு முறைக்கு இரு முறை கேட்டால் பிழை குறையும். மூன்று முறை கேட்டால் பிறருக்கு முறையாகச் சொல்ல வரும் என்கிறார். அதோடு அவர் போடும் கணக்கு நம்மைத் திடுக்கிட வைக்கிறது. ஆசிரியர் சொன்னதைச் செவ்வையாகக் கேட்டுக்கொண்டவனுக்குக்கூடக் கால் பங்கு புலமைதான் கிட்டுமாம். உடன் கற்பவர்களோடு பழகுவதால் இன்னொரு கால் பங்கு. பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் மீதி அரைப் பங்கும் வந்து சேருமாம்.

அப்படியானால் கேளாமல் எழுதினவனுக்கு எத்தனை பங்கு? முனிவர் அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை!

வீட்டில் செய்யக்கூடியவை

இந்தக் கணக்கை மனத்திற் கொண்டு, குழந்தைகளுக்கு நாம் சொல்லக்கூடிய யோசனைகள் சில உண்டு.

முதலாவது: வாக்கியம் முடியும் வரையில் பேனா காகிதத்தைத் தொடலாகாது. பேச்சின் வேகத்துக்கு யார் கையும் ஈடுகொடுக்காது. கேட்டு, பொருளைப் பிடித்துக்கொண்டு, பிறகு சுருக்கமாக எழுத வேண்டும்.

இரண்டாவது: ஞாபகத்திலிருந்து நழுவக்கூடியவற்றையே எழுத வேண்டும். பெயர், வருஷம், எண்ணிக்கை, இலக்கணம், காரணம் ஆகியவை அவை. உபாத்தியாயர் 'ஆகையால்' என்றும், 'ஆனால்' என்றும், 'மூன்று காரணங்கள் உண்டு' என்றும் சொல்லும் இடங்களில் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும்; பாடத்தின் எலும்புக்கூடு அங்கேதான் இருக்கிறது. உதாரணமாக, தனிச் சமஸ்தானமாக இருந்த புதுக்கோட்டை 1948 மார்ச்சு 3-ம் தேதி இந்தியாவோடு இணைந்து திருச்சிராப்பள்ளி ஜில்லாவில் சேர்ந்ததென்றும், 1974 ஜனவரி 14-ம் தேதி தனி ஜில்லா ஆயிற்றென்றும் உபாத்தியாயர் கால் மணி நேரம் விவரிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 'புதுக். சமஸ்.; 3-3-48 திருச்சியோடு; 14-1-74 தனி ஜில்லா' என்ற ஒரே வரி போதும். மற்றவை காது வழியாக மனத்துக்குப் போகட்டும்.

மூன்றாவது: பக்கத்தின் இடப்புறத்தில் மூன்று விரல் அகலம் வெறுமையாக விட வேண்டும். அமெரிக்காவில் கார்னெல் சர்வகலாசாலையைச் சேர்ந்த வால்டர் பாக் என்பவர் தாம் 1962-ல் வெளியிட்ட புத்தகத்தில் விளக்கிய முறை இது. வகுப்பு முடிந்தபின் அந்த ஓரத்தில் வினாக்களை எழுத வேண்டும்: 'ஏன் மறுபடி தனியாகப் பிரித்தார்கள்?' என்பது போல. பக்கத்தின் அடியில் இரண்டு மூன்று வாக்கியங்களில் சாரத்தை எழுத வேண்டும். பிறகு குறிப்பை மூடிக்கொண்டு வினாவுக்கு விடை சொல்லிப் பார்க்கலாம்.

நான்காவது: காதில் விழாமல் தப்பிய இடத்தில் ஒரு குறி போட்டு மேலே போகவேண்டும், பக்கத்துப் பையனுடைய நோட்டை எட்டிப் பார்த்தால் அடுத்த விஷயமும் தப்பிவிடும். வகுப்பு முடிந்ததும் உபாத்தியாயரைக் கேட்கலாம். நம் மொழியில் 'கேட்டல்' என்பது செவி கொடுப்பதையும் வினாவுவதையும் ஒருங்கே குறிப்பது வீணுக்கா?

கையால் எழுதுவதா, கணினியில் தட்டுவதா என்று இக்காலத்தில் கேட்கிறார்கள். 2014-ல் முல்லர், ஓப்பன்ஹைமர் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் வெளியிட்ட சோதனைகளில், கணினியில் தட்டியவர்கள் சொல்லுக்குச் சொல் அதிகமாகப் பதிந்துகொண்டனர். கருத்தைப் பற்றிய வினாக்களில் கையால் எழுதினவர்களுக்குப் பின்தங்கினர். பின்னால் பிறர் செய்து பார்த்தபோது இந்த வித்தியாசம் இவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. சாதனம் எதுவானாலும் சரி, சொல்லுக்குச் சொல் நகல் எடுப்பதே நோய் என்று நாம் கருதுகிறோம். கரும்பலகையைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு கவலை தீர்ந்ததென்று எழுந்து போவதும் அதே நோய்தான்.

ஐந்தாவது யோசனை பெற்றோருக்கு. அன்றைக்கு அன்றே, விளக்கேற்றியபின் பத்து நிமிஷம், "எனக்குச் சொல்லு" என்று குழந்தையின் எதிரில் உட்காருங்கள். பவணந்தியார் சொன்ன அரைப் பங்கு அந்தப் பத்து நிமிஷத்தில்தான் இருக்கிறது. உங்களுக்கு அந்தப் பாடம் தெரியாதிருந்தால் இன்னும் நல்லது. அவன் நன்றாக விளக்கவேண்டி வரும்.

புதுக்கோட்டை ஜில்லாவிலேயே 1991-ல் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அதுகாறும் எல்லாவற்றையும் செவியாலும் நினைவாலுமே காத்துவந்த ஸ்திரீகள் ஆயிரக்கணக்கில் எழுத்துக் கற்றார்கள். சைக்கிள் விடவும் கற்றார்கள். காது பழகியிருந்தவர்களின் கையில் எழுத்து வந்து சேர்ந்தது. நம் வீட்டுக் குழந்தைகளுக்கோ எழுத்து முன்னாலேயே வந்துவிட்டது. நாம் பழக்க வேண்டியது காதைத்தான்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் நண்பர் வீட்டுக்குப் போனோம். சமையலறையில் பையன் தாயாருக்குப் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த அம்மாள் காய் நறுக்கிக்கொண்டே, "அதற்கப்புறம் அந்த ராஜா என்ன செய்தார்?" என்று கேட்டார். பையன் விழித்தான். பிறகு நோட்டைத் திறந்து, இடப்புற ஓரத்தில் அந்தக் கேள்வியை எழுதிக்கொண்டான்.