பூநாரை பார்க்கப் போகும் வழியில் சாப்பாடு

பழவேற்காடு ஏரிக்குப் பூநாரை பார்க்கப் போகிறவர்களில் பலர் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வழியைக் காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டே கடந்துவிடுகிறார்கள். கன்டெய்னர் லாரி வரிசையும் ஆலைப் புகைபோக்கிகளும் தெரியும் சாலையில் சாப்பிட என்ன இருக்கப்போகிறது என்ற எண்ணம்தான் காரணம். அதனால் இழப்பு அவர்களுக்கே. சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்திலிருந்து பழவேற்காடு வரையிலான சுமார் 60 கிலோமீட்டரில் தமிழ்நாட்டின் வேறெந்தப் பகுதியிலும் எளிதில் கிடைக்காத உணவுகள் இருக்கின்றன. அவற்றில் பாதி கப்பலில் வந்தவை, மீதி வலையில் வந்தவை.

கப்பலில் வந்ததில் முதலிடம் அத்தோ என்னும் பர்மா நூடுல்ஸுக்கு. 1962இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கடைகளும் வணிகமும் அரசுடைமையாக, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் ஏராளமானோர் கையில் இருந்ததை விட்டுவிட்டுக் கப்பலேறினர். அவர்கள் பிழைப்புக்காக 1969இல் துறைமுகத்துக்கு எதிரே உருவானதுதான் பர்மா பஜார். கேமராவும் கைக்கடிகாரமும் விற்ற அந்தக் கடைகளுக்குப் பின்னால், இரண்டாவது கடற்கரைச் சாலைப் பக்கம், ரங்கூன் தெருச் சாப்பாடு தள்ளுவண்டியில் ஏறியது. வியாசர்பாடி போன்ற இடங்களிலும் பர்மா தமிழர்கள் குடியேறியதால் வடசென்னை முழுக்க அது பரவியது.

அத்தோ அடுப்பில் வதக்கும் நூடுல்ஸ் அல்ல, கையால் பிசையும் பண்டம். அகலமான பாத்திரத்தில் ஆரஞ்சு நிறம் ஏறிய தடித்த நூடுல்ஸ் ஆறியே இருக்கும். கடைக்காரர் ஒரு பிடி அள்ளிக் கிண்ணத்தில் போட்டு, மெலிதாகச் சீவிய முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், எண்ணெயில் பொன்னிறமாக வறுத்த வெங்காயமும் பூண்டும், பொட்டுக்கடலை மாவு, உப்பு, மிளகாய்த்தூள், புளிக்கரைசல் எல்லாம் சேர்ப்பார். பிறகு தட்டை போன்ற பேஜோவை உள்ளங்கையில் நொறுக்கித் தூவி, பூண்டு வறுத்த எண்ணெயை ஒரு கரண்டி விட்டு, விரல்களால் பிசைந்து, கொத்தமல்லி தூவித் தருவார். புளிப்பு, காரம், மொறுமொறுப்பு மூன்றும் ஒரே வாயில் வரவேண்டும். பேஜோ ஊறிப்போவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பதால் இது பார்சல் வாங்கும் உணவே அல்ல.

கூடவே வாழைத்தண்டு சூப் ஒரு கிண்ணம் வரும். பர்மாவில் காலை உணவாக உண்ணும் மொய்ங்காவின் குழம்பு இது. அங்கே கெளுத்தி மீன் போட்டுக் கொதிக்கவைப்பார்கள். சென்னையில் பெரும்பாலான கடைகளில் மீன் இருக்காது, வாழைத்தண்டும் மிளகும்தான். நூடுல்ஸைச் சூப்பிலேயே போட்டுக் கேட்டால் அது மொய்ங்கா. அவித்த முட்டையைக் கீறி, வறுத்த வெங்காயம், பூண்டு, மிளகாய்த்தூள் அடைத்து, புளித்தண்ணீர் விட்டுத் தருவதையும் விடக்கூடாது. மாலை வேளைதான் இந்தக் கடைகளுக்கு உரிய நேரம்.

ராயபுரத்துக்குப் பெருமை தரும் ரயில் நிலையத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் கிளம்பியது. நாவுக்குப் பெருமை தருவது காசிமேடு. மீன்பிடித் துறைமுகத்துக்கு விடிவதற்கு முன்பே போய்ச் சேர வேண்டும். ஏலம் நடக்கும் இடத்தில் வஞ்சிரம், வவ்வால், சங்கரா, கொடுவா, கானாங்கத்தை, கடம்பா, இறால் எல்லாம் கூடைகூடையாக இறங்கும். செவுள் சிவந்தும் கண் தெளிந்தும் இருப்பதுதான் நல்ல மீன். வாங்கியதைக் கழுவி வெட்டித் தரப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். வாங்கிச் சமைக்க வழியில்லாத பயணிக்குச் சுற்றுவட்டாரச் சிறுகடைகளின் வறுவல் போதும். வெளியூர்க்காரர் வஞ்சிரம் கேட்பது வழக்கம். அதைவிட அன்று காலை வந்த நெத்திலியையோ காரப்பொடியையோ கேட்பது புத்திசாலித்தனம். விலையும் குறைவு, முள்ளோடு மொறுமொறுவென்று மென்றுவிடலாம்.

இந்தப் பகுதி வீடுகளில் சுறாப்புட்டுக்குத் தனி மரியாதை உண்டு. பால்சுறாவை மஞ்சள் போட்டு வேகவைத்து, தோலை உரித்து, சதையை உதிர்த்துப் பிழிந்து, நிறையப் பூண்டும் வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்து வதக்குவார்கள். பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் சுரக்கக் கொடுக்கும் பத்தியச் சாப்பாடு இது. சாப்பாட்டுக் கடைகளில் எப்போதாவதுதான் வைப்பார்கள், வைத்த அன்று மதியத்துக்குள் தீர்ந்துவிடும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. வஞ்சிரத்தின் விலை ஏறும், ஐஸில் கிடந்த வெளியூர் மீனும் வரும். அந்த நாட்களில் வருபவர் கருவாட்டுப் பக்கம் திரும்புவது நல்லது.

கருவாட்டுக்கு இணை கூழ். திருவொற்றியூர் சாலையில் காலை நேரத் தள்ளுவண்டிகளில் சுமை இறக்குவோரும் ஆட்டோ ஓட்டுநர்களும் நின்றுகொண்டே குடிக்கும் பானம் அது. கேழ்வரகு மாவை முந்தின நாளே கரைத்துப் புளிக்கவைத்து, வெந்த நொய்யோடு கிளறி, ஆறிய பிறகு மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் போட்டுத் தருவார்கள். தொட்டுக்கொள்ள மோர் மிளகாய், மாங்காய்த் துண்டு, கொத்தவரங்காய் வற்றல், நெத்திலிக் கருவாடு. வெயிலில் ஏரிக்கரையில் நிற்கப் போகிறவருக்குப் பாட்டில் குளிர்பானத்தைவிட இது எவ்வளவோ மேல். ஆடி மாதத்தில் அம்மன் கோவில்களில் கூழ் வார்க்கும்போது முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் சேர்த்து, வருகிறவர் யாராக இருந்தாலும் ஊற்றுவார்கள்.  

எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கிறது. ஒரு காலத்தில் இந்தக் கழிமுகத்து இறாலும் மடவையும் மஞ்ச மட்டியும் சென்னைக்கே பேர்போனவை. அனல்மின் நிலையச் சாம்பலும் ஆலைக்கழிவும் பல ஆண்டுகளாகக் கழிமுகத்தைக் கெடுத்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து படிந்தது. வலையும் படகும் கறுத்துப்போய், மீனவர்கள் வாரக்கணக்கில் தொழிலை இழந்தார்கள். தென்னமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த ஒரு சிப்பி, மீனவர்கள் காக்கா ஆழி என்று அழைப்பது, கழிமுகத் தரையைக் கம்பளமாக மூடி இறால் மேயும் இடத்தைப் பறித்துவருகிறது. அதுவும் கப்பலோடு வந்ததாகவே கருதப்படுகிறது. மட்டியும் ஆழியும் தண்ணீரை வடிகட்டி உண்பவை. தண்ணீரில் கலந்த உலோகமும் எண்ணெயும் அவற்றின் சதையில் தங்கும். ஆகவே எண்ணூர்க் கழிமுகத்து மட்டியை இன்றைய நிலையில் தவிர்ப்பதே சரி. கடலுக்குள் போய்ப் பிடித்து வந்த மீனை அங்கே கேட்டு வாங்கலாம்.

மீஞ்சூர், பொன்னேரி தாண்டினால் பழவேற்காடு. 1613இல் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிய ஊர் இது. ஏரியின் உவர்நீரில்தான் பூநாரைக்கும் இரை, மனிதருக்கும் இரை. எந்த ஊர் எந்த நாளில் எங்கே வலை விரிப்பது என்பதைப் பாடு முறை என்ற பழைய ஏற்பாட்டின்படி மீனவர்களே முறைவைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். வெள்ளை இறாலைத் தொக்காகவும், நண்டைக் குழம்பாகவோ மிளகு தூக்கலான ரசமாகவோ சாப்பிடலாம். பெரிய சேற்று நண்டுகளில் பல சிங்கப்பூருக்குப் போய்விடுகின்றன. உள்ளூரில் கிடைக்கும் நடுத்தர நண்டும் சுவையில் குறைந்ததல்ல. அமாவாசையை ஒட்டிய நண்டில்தான் சதை நிறைந்திருக்கும், பௌர்ணமி நண்டு காலி என்பது மீனவர் சொல்.

பூநாரைகள் நவம்பர் முதல் மார்ச் வரை அதிகம். பருவத்தின் கடைசியில் போகிறவருக்கு வழியில் பதநீர் கிடைக்கலாம். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி இறக்கியது அது. காலையிலேயே குடித்துவிட வேண்டும், வெயில் ஏற ஏறச் சுவை மாறத் தொடங்கிவிடும்.