படிக்கட்டில் தொங்கும் லித்தியம்

"ஐந்தே நிமிடத்தில் ஸ்கூட்டரை சார்ஜ் செய்யலாம் என்று விளம்பரம் வருகிறதே, நம்பலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். விளம்பரம் கிடக்கட்டும். சார்ஜ் ஏறும்போது பேட்டரிக்குள் நிறம் மாறும் என்பது அவருக்குத் தெரியுமா?

எதிர்மின்வாயில் இருப்பது கிராஃபைட், நம் பென்சில் முனைச் சரக்கு. லித்தியம் ஏற ஏற அந்தக் கறுப்பு கருநீலமாகி, செம்பாகச் சிவந்து, கடைசியில் தங்கமாக மின்னும். 2010-இல் அமெரிக்காவின் ஸ்டீபன் ஹாரிஸ் குழுவினர் கண்ணாடி ஜன்னல் வைத்த பேட்டரியில் இதைச் சாதாரண ஒளி நுண்ணோக்கியிலேயே படமெடுத்தார்கள். பிரம்மாண்டமான எக்ஸ் கதிர்க் கூடம் தேவைப்படவில்லை என்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

வரலாறு வேண்டுமென்றால்: 1991-இல் சோனி லித்தியம் அயனி பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது, 2019-இல் மூவருக்கு நோபல் பரிசு. போதும்.

கிராஃபைட்டை ஒரு பஸ் என்று வையுங்கள். கார்பன் தாள்களுக்கு நடுவேதான் இருக்கைகள். லித்தியம் அயனிகள் கண்ட இடத்தில் உட்காராது. ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையாக நிரம்பும். அப்போது சிவப்பு. எல்லா வரிசையும் நிரம்பி, ஆறு கார்பனுக்கு ஒரு லித்தியம் என்றானால் தங்கம். ஆள் ஏற ஏற பஸ்ஸே சுமார் பத்து சதவீதம் உப்பிவிடும். பயணிகள் முன்வாசலில் ஏறுவார்கள். அவர்களுடைய டிக்கெட் காசான எலக்ட்ரான், செப்புத் தகடு வழியாகப் பின்வாசலில் வந்து சேரும். நிறத்தை மாற்றுவது இந்தக் காசுதான். எலக்ட்ரான் சேரச் சேர கிராஃபைட் உலோகம்போல ஒளியைத் திருப்பியடிக்கிறது. நிறம் மாறும் பஸ் எந்த டெப்போவிலும் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன்.

கூட்டம் மட்டும் நம்மூர்க் கூட்டம்தான். அவசரமாக சார்ஜ் ஏற்றினால் வாசலோரத் துகள்கள் தங்கமாகிவிடும், ஆழத்தில் இருப்பவை இன்னும் கறுப்பாகவே கிடக்கும். பின்சீட் காலி, படிக்கட்டில் தொங்கல். "உள்ளே போ, உள்ளே போ" என்று கத்தக் கண்டக்டர் இல்லை. இடம் கிடைக்காத லித்தியம் வெளியிலேயே உலோகமாகப் படிகிறது. அதில் ஒரு பகுதி திரும்பி வராது. பேட்டரியின் கொள்ளளவு குறையும். ஊசியாக வளர்ந்து மறுமுனையைத் தொட்டால் ஷார்ட் சர்க்யூட். எண்பது சதவீதத்துக்குமேல் போன் நிதானிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஜன்னலில் தெரிவது மேற்பரப்பு மட்டுமே; உங்கள் ஸ்கூட்டரில் ஜன்னலும் இல்லை. ஆகவே வாசகரே, விற்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஐந்து நிமிடத்தில் எத்தனை சதவீதம் ஏறும்? ஆயிரமாவது முறையும் அதே ஐந்து நிமிடம்தானா?