கேட்டிலிருந்து வாசல் வரை

மூணாறிலிருந்து போடிமெட்டுக்கு இப்போது வண்டி குலுங்காமல் போகிறது. கொச்சி–தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையின் இந்த 42 கிலோமீட்டர் துண்டு அகலப்படுத்தப்பட்டு 2024 ஜனவரியில் முறைப்படி திறக்கப்பட்டது. வழியில் சின்னக்கானலில் சாலையை விட்டு இறங்கினால்தான் பழைய இடுக்கி தெரிகிறது: சேறு, உருளும் கல், காலில் ஏறும் அட்டை. தங்கும் விடுதி நடத்துகிறவர், ஏலத்தோட்டத்துக்கு நடுவே வீடு கட்டியிருப்பவர், தேயிலைத் தூள் விற்கும் கடைக்காரர் எல்லோருக்கும் ஒரே ஆசைதான். நெடுஞ்சாலையைப் போலவே கறுப்பாக, கேட்டிலிருந்து வாசல் வரை ஒரு தார் நடைபாதை.

ஆசையில் தப்பில்லை. சக்கரப் பெட்டியை இழுத்து வரும் விருந்தாளிக்கும், முழங்கால் வலியோடு வரும் பாட்டிக்கும் சரளைக் கல்லை விடத் தார் எவ்வளவோ மேல். ஓரத்துப் புல்லை வெட்டி வைத்தால் அட்டைத் தொல்லையும் குறையும். ஆனால் மலையில் நடைபாதை போடுகிறவர்கள் தாரின் கனத்தைப் பற்றியும் விலையைப் பற்றியும் பேசுகிற அளவுக்குத் தண்ணீரைப் பற்றிப் பேசுவதில்லை. மழை நீர் எங்கே போய்ச் சேரும் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் போடப்படும் பாதை முதலில் தன்னைக் கெடுத்துக்கொள்ளும். பிறகு கீழே இருப்பவரைக் கெடுக்கும்.

இதற்கு உதாரணம் தேடி எங்கும் போக வேண்டாம். அதே நெடுஞ்சாலையில் தேவிகுளத்துக்கும் பெரியகானலுக்கும் இடையே உள்ள கேப் ரோட்டில், விரிவாக்க வேலை நடந்தபோது 2019-லும் 2020-லும் மலை பெரிய அளவில் சரிந்தது. 2019 அக்டோபரில் வேலையில் இருந்த தொழிலாளர்களே சரிவில் சிக்கினார்கள். போக்குவரத்து மாதக்கணக்கில் நின்றது. மேலே சாலைக்காக வெட்டிய இடத்திலிருந்து உருண்ட பாறையும் மண்ணும் கீழே முட்டுக்காடு பக்கத்து விவசாய நிலங்களை மூடின. அங்கே டைனமைட்டும் ராட்சத இயந்திரங்களும் இருந்தன. உங்கள் வீட்டுப் பாதைக்கு இரண்டு மண்வெட்டிதான். அளவுதான் வேறு. மலையின் காலடியை வெட்டினால் மேலே உள்ளது இறங்கப் பார்க்கும் என்ற கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஒரு சின்ன இடைச்செருகல். தமிழ் படித்தவர்களுக்குத் தார் என்றால் மாலை. சந்தைக்குப் போகிறவர்களுக்கு வாழைத்தார். ரோட்டுத் தார் ஆங்கிலம் கொடுத்தது. அந்தப் பெயரும் இன்று பாதிப் பொய். நிலக்கரியிலிருந்து எடுத்த பழைய தார் சாலை வேலையிலிருந்து எப்போதோ போய்விட்டது. இன்று டிரம்மில் வருவது பிட்டுமென்: கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து பெட்ரோல், டீசல் எல்லாம் எடுத்த பிறகு அடியில் தங்கும் கசடு. கொச்சி அம்பலமுகளில் உள்ள சுத்திகரிப்பு ஆலையும் இதைத் தயாரிக்கிறது. கல்லைக் கல்லோடு ஒட்டும் பசை இது. இந்தப் பசைக்கு ஒரே ஒரு பரம எதிரி உண்டு. தண்ணீர். கல்லுக்கும் பசைக்கும் நடுவே நீர் புகுந்தால் கல் கழன்று வரும். மழைக்குப் பின் சாலை ஓரத்தில் ஜல்லி உதிர்ந்து கிடப்பதன் ரகசியம் இதுதான்.

இனி ஒரு பாதையை மனதில் வைத்துக் கணக்குப் போடலாம். நீளம் 40 மீட்டர். இரண்டு பேர் சேர்ந்து நடக்க அகலம் ஒன்றரை மீட்டர். ஆக 60 சதுர மீட்டர். மூணாறு வட்டாரத்தில் ஒரு நாளில் 100 மில்லிமீட்டர் மழை பெய்வது அதிசயமல்ல. அப்படிப் பெய்தால் இந்தச் சின்னப் பாதையின் மேல் மட்டும் 6,000 லிட்டர் விழும். அதாவது ஆறு கன மீட்டர், ஆறு டன் எடை. நேற்று வரை அதில் ஒரு பங்கை மண்ணும் புல்லும் குடித்தன, மீதி பரவி வடிந்தது. தார் போட்டபின் ஒரு சொட்டும் கீழே இறங்காது. அத்தனையும் ஓடும். கூரைத் தண்ணீரும் இதே பாதையில் இறங்கினால் கணக்கு இரண்டு மூன்று மடங்காகும்.

எனவே முதல் வேலை தார்க் காண்ட்ராக்டரைக் கூப்பிடுவதல்ல. ஒரு ஜூலை மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு உங்கள் நிலத்தைச் சுற்றி வருவது. நீர் எங்கே வருகிறது, எங்கே தேங்குகிறது, எந்த வழியாக வெளியேறுகிறது என்று பார்த்து, அங்கங்கே குச்சி நட்டு வையுங்கள். நீரோட்டத்தைக் குறுக்கே வெட்டாத வழியே பாதைக்கு நல்ல வழி. வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் அந்த இடத்தில் பாதைக்கு அடியில் குழாய் வைக்க வேண்டும். குழாய் பெரியதாக இருக்கட்டும். மலையில் தண்ணீர் தனியாக வருவதில்லை. இலை, குச்சி, கல் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டுதான் வரும்.

பாதையின் முகம் தட்டையாக இருக்கக் கூடாது. ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு ஒரு பக்கமாக நான்கு சென்டிமீட்டர் சாய்வு போதும். நடப்பவருக்குத் தெரியாது, நீருக்குத் தெரியும். எந்தப் பக்கம் சாய்ப்பது என்பதில்தான் அனுபவம் வேண்டும். கீழ்ப்பக்கம் பழைய, உறுதியான, புல் பிடித்த சரிவு என்றால் வெளிப்புறமாகச் சாய்க்கலாம். நீர் மெல்லிய விரிப்பாகப் பரவி இறங்கும். கீழ்ப்பக்கம் நீங்களே கொட்டி நிரப்பிய மண் என்றால் அது தற்கொலை. அப்போது மலைப்பக்கமாகச் சாய்த்து, கல் கட்டிய வாய்க்காலில் நீரைச் சேர்த்து, பாறை மீதோ பழைய ஓடையிலோதான் விட வேண்டும். விழும் இடத்தில் பெரிய கற்களைப் போட்டு வேகத்தை உடைக்க வேண்டும். பக்கத்துக்காரரின் ஏலச் செடிக்கு மேலோ, தொழிலாளர் லயத்தின் பின்சுவருக்கு மேலோ குழாயைத் திறந்து விடுவது இந்த மலையில் பல சண்டைகளின் ஆரம்பம்.

மழைக்குழி தோண்டி விடலாமே என்று சமவெளி வாசகர்கள் கேட்கக்கூடும். சென்னையில் புண்ணியம். செங்குத்தான மலைச் சரிவில் ஆபத்து. மண்ணுக்குள் இறங்கும் நீர் எடையைக் கூட்டும், பிடிப்பைத் தளர்த்தும். இடுக்கியின் சில பகுதிகளில் மண்ணுக்கடியில் நீர் குழாய் போலக் குடைந்து செல்லும் ‘சாயில் பைப்பிங்’கும் உண்டு. திருவனந்தபுரத்தில் உள்ள தேசிய புவி அறிவியல் ஆய்வு மையம் இதை ஆராய்ந்திருக்கிறது. வெளியே ஒன்றும் தெரியாது. ஒருநாள் தரை உள்வாங்கும்.

அடித்தளத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் இதில் வாதத்துக்கு இடமில்லை. கறுத்த மேல்மண்ணை, வேரோடு, முழுதாக எடுத்துவிட வேண்டும். தோட்டத்து மண் செடிக்குப் பொன், பாதைக்கு ஸ்பாஞ்சு. அடியை இறுக்கி, அதன் மேல் 10 முதல் 15 சென்டிமீட்டர் உடைகல்லும் பாறைப்பொடியும் கலந்து நனைத்து, இயந்திரத்தால் இடித்து இறுக்க வேண்டும். இரு ஓரமும் கருங்கல் பதிக்க வேண்டும். அணை இல்லாத தார் ஓரம் பிஸ்கட் மாதிரி உடையும். ரசமட்டமும் கயிறும் இல்லாமல் ‘கண்ணாலேயே பார்த்துப் போடுகிறேன்’ என்கிற மேஸ்திரியை வணங்கி அனுப்பிவிடலாம்.

இப்போது தாருக்கு வருவோம். நமது 60 சதுர மீட்டருக்கு 25 மில்லிமீட்டர் கனம் என்றால் ஒன்றரை கன மீட்டர் கலவை, சுமார் மூன்றரை டன். அதில் பிட்டுமென் ஏறக்குறைய 5 சதவீதம். ஒரு டிரம்மும் கொஞ்சமும்! ஹாட்மிக்ஸ் ஆலைக்கு இது கொசுக்கடி. ஒரு டிப்பர் லாரியே பத்து டன்னுக்கு மேல் ஏற்றும். உங்கள் மூன்றரை டன்னுக்காக யார் மலையேறி வருவார்கள்? அப்படியே வந்தாலும் இன்னொரு சிக்கல். ஆலையில் 150 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகப் புறப்படும் கலவை வழியிலேயே ஆறுகிறது. 25 மில்லிமீட்டர் மெல்லிய படலமாக, சின்னக்கானலின் காற்றில், குளிர்ந்த கல்லின் மேல் கொட்டினால் சில நிமிடங்களில் இறுகத் தொடங்கிவிடும். ஆறிய கலவையை எத்தனை முறை உருட்டினாலும் அழுந்தாது. உள்ளே இடைவெளி நிற்கும், அதில் மழை குடியேறும்.

இந்த இடத்தில்தான் ‘மிச்சத் தார்’ வருகிறது. பக்கத்தில் எங்கோ சாலை வேலை நடந்தது, லாரியில் கொஞ்சம் மீந்திருக்கிறது, பாதி விலைக்குப் போட்டுத் தருகிறோம், இப்போதே முடிவு சொல்லுங்கள் என்று கேட்டில் வந்து நிற்பார்கள். உலகம் முழுக்க வழக்கில் உள்ள வியாபாரம் இது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வீட்டுக்காரர்களை அரசாங்கமே எச்சரிக்கிறது. சரக்கு பாதி ஆறியிருக்கும். அடித்தளம் என்ற பேச்சே இருக்காது. புல்லின் மேல் கறுப்பு பூசிவிட்டுப் போவார்கள். மூன்று மாதம் அழகாக இருக்கும்.

சின்ன வேலைக்குப் பொருத்தமானது குளிர் கலவை. பிட்டுமெனை நுண்துளிகளாக நீரில் கலந்த எமல்ஷனைக் கல்லோடு சேர்த்து, அடுப்பே மூட்டாமல் பரப்புவது. மழையும் ஈரமும் மிகுந்த வடகிழக்கு மாநிலங்களில் கிராமச் சாலைகளுக்கே இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பொறுமைதான் இதற்கு விலை. கலவை முதலில் காப்பிப்பொடி நிறத்தில் இருக்கும். உள்ளிருக்கும் நீர் பிரிந்த பிறகே கறுக்கும். கறுத்த பின்பே ரோலர். முந்திக்கொண்டால் எல்லாம் ரோலரில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். எதைப் போட்டாலும் மேலே சீல் கோட் என்ற மூடு பூச்சை விட்டுவிடக் கூடாது. பணம் மிச்சம் பிடிக்க முதலில் வெட்டப்படுவது அதுதான்.

காலம்? தேங்கிய நீர் இருந்தாலோ, மழையோ மூடுபனியோ இருந்தாலோ, காற்றின் வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போனாலோ தார் போடாதே என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விதிநூல். சின்னக்கானலில் இந்த விதியை அப்படியே பின்பற்றினால் வருடத்தில் பாதிக்கு மேல் கழிந்துவிடும். ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை முடியும் முன் வடகிழக்கு வந்து நிற்கும். டிசம்பர், ஜனவரியில் மூணாறு வட்டாரத்தில் உறைபனி விழும் காலைகள் உண்டு. மிஞ்சுவது பிப்ரவரி, மார்ச். அதுவும் காலை பத்து மணிக்குப் பிறகு, பிற்பகல் மூன்றுக்குள்.

எல்லா இடத்துக்கும் தார் மருந்தாகாது. எட்டடி நடந்தால் ஓரடிக்கு மேல் ஏற வேண்டிய சரிவு என்றால் படி கட்டுவதே நல்லது, அல்லது கேரளப் பஞ்சாயத்துகள் செய்வதுபோலக் குறுக்குக் கோடு இழுத்த கான்கிரீட். ஜீப் ஏறும் வாய்ப்பிருந்தால் நடைபாதைக் கனம் தாங்காது. இடுக்கியில் ஜீப் ஏறாத பாதை என்று ஒன்று உண்டா என்ன? (யானையைப் பற்றிப் பேச்சே வேண்டாம். 2023 ஏப்ரலில் மயக்க ஊசி போட்டு இடம் மாற்றப்பட்ட அரிக்கொம்பனின் ஊர் இது. அவன் இனத்தார் இன்றும் ஆனையிறங்கல் பக்கம் நடக்கிறார்கள், நம் கேட்டையும் பாதையையும் கேட்டுக்கொண்டு அல்ல.) பக்கத்துச் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் போகும் கரடுமுரடான கல்வழியோ தார் இல்லாததாலேயே புகழ் பெற்றது. ஜீப்பில் எலும்பு குலுங்கப் போய்ச் சூரியோதயம் பார்க்கக் கூட்டம் வருகிறது.

சமவெளியில் கணக்கு வேறு. மே மாத வெயிலில் கறுப்புத் தளம் 60 டிகிரியைத் தாண்டும். வாசலில் செருப்பைக் கழற்றும் நம் வீடுகளுக்கு அது ஏற்றதல்ல. கோயில் பிராகாரங்களில் வெள்ளைப் பூச்சு அடிப்பது சும்மா அல்ல. ஆனாலும் நடைபாதை அளவிலான தார் வேலையில் ஒரு நல்ல சோதனை வெயில் ஊரான மதுரையில்தான் நடந்தது. தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன், துண்டாக்கிய பிளாஸ்டிக் கழிவைச் சூடான ஜல்லியின் மேல் தூவி உருக்கிப் பூசி, பிறகு பிட்டுமென் கலக்கும் முறையை உருவாக்கினார். 2002-ல் கல்லூரி வளாகத்திலேயே பாதை போட்டுப் பார்த்தார்கள். 2006-ல் காப்புரிமை, 2018-ல் பத்மஸ்ரீ. கல்லின் மேல் பிளாஸ்டிக் போர்வை இருப்பதால் நீர் எளிதில் புகாது என்பதே இதன் பலம். மழைநாடுகளுக்கு இது சாதாரண விஷயமில்லை.

சின்னக்கானலில் கல்லும் தாரும் வாங்கும் முன் பார்க்க வேண்டிய ஒரு காகிதமும் இருக்கிறது. 2007-ல் அச்சுதானந்தன் ஆட்சியின் ஆக்கிரமிப்பு அகற்றலும், 2017-ல் பாப்பாத்திச்சோலையில் பெரிய சிலுவை அகற்றப்பட்ட விவகாரமும் இந்த ஊர் நிலத்தின் சிக்கலை நாடறியச் செய்தன. மூணாறைச் சுற்றியுள்ள கிராமங்களில் கட்டட வேலைக்கு வருவாய்த் துறையின் தடையில்லாச் சான்று கேட்கும் நடைமுறை 2010-ல் உயர் நீதிமன்ற உத்தரவை அடுத்து வந்தது. பாதைதானே என்று தொடங்கி, தடுப்புச் சுவர், மண் வெட்டு என்று நீளும்போது கேள்வி வரும். கிராம அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுவது மலிவு.

வேலை செய்பவர்களையும் மறந்துவிடக் கூடாது. காலில் சாக்கு சுற்றிக்கொண்டு கொதிக்கும் தாரில் நிற்கும் காட்சி இன்னும் போகவில்லை. பூட்ஸும் கையுறையும் உங்கள் மதிப்பீட்டில் ஒரு வரியாக இருக்கட்டும். தார் மேலே பட்டால் உடனே குளிர்ந்த நீரை நிறைய ஊற்ற வேண்டும். ஒட்டியதைப் பிய்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பிய்த்தால் தோலும் சேர்ந்து வரும். கொதிக்கும் டிரம்முக்குள் மட்டும் தண்ணீர் விழவே கூடாது, பொங்கி வெளியே அடிக்கும்.

பாதை முடிந்த பிறகு ஜூனின் முதல் பெருமழையில் மறுபடி குடையோடு ஒரு சுற்று. வாய்க்கால் முனையில் தெளிந்த நீர் வந்தால் நிம்மதி. கலங்கி வந்தால் எங்கோ உங்கள் மண் கரைந்து போகிறது. தாரின் மேல் குறுக்காக ஓடும் மெல்லிய கீறல்களை எமல்ஷனும் மணலும் வைத்து அடைத்துவிடலாம். ஆனால் பாதையின் கீழ் ஓரத்தில், பாதையோடு சேர்ந்தே நீளமாக, மண்ணில் ஒரு வெடிப்பு ஓடினால் அதன் மேல் தாரை ஊற்றாதீர்கள். 2020 ஆகஸ்டில் 70 பேரைப் பறிகொடுத்த பெட்டிமுடி இதே மூணாறு மலைகளில்தான் இருக்கிறது. அந்த வெடிப்பைப் பஞ்சாயத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்கும் முன்னால், இருட்டும் முன், கீழே குடியிருப்பவர்களிடம் இறங்கிப் போய்ச் சொல்ல வேண்டும்.