வெடிப்பைப் படமெடுக்க ஒரு முக்காலி

லயங்களுக்குப் பின்னுள்ள சரிவில் வெடிப்புத் தோன்றினால், நம் இளைஞர் கழகங்கள் அதைப் படமெடுத்து வைப்பது பயனுள்ள பணி. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களையே மூடியதை நாம் மறக்கவில்லை. வெடிப்பு வளர்கிறதா என்பதை ஒரு படம் சொல்லாது. ஒரே இடத்தில், ஒரே உயரத்தில் எடுத்த பல படங்களே சொல்லும். அதற்குத்தான் முக்காலி.

விலை குறைந்ததை வாங்கலாம், ஆட்டங்காண்பதை வாங்கக் கூடாது. கடையிலேயே கால்களை முழுதாக நீட்டி, தலைப்பகுதியை விரலால் தட்டிப் பாருங்கள். அதிர்வு உடனே அடங்க வேண்டும். ஒன்றரைக் கிலோ அலுமினிய முக்காலியை மலையேற்றுவது சிரமமன்று. ஐந்து துண்டாக மடங்கும் காலைவிட மூன்று துண்டுக் காலே உறுதியானது. நடுத்தண்டை உயர்த்தினால் உறுதி குறையும். (விற்பனையாளர் அதைத்தான் முதலில் உயர்த்திக் காட்டுவார்!)

சரிவில் இரு கால்கள் பள்ளப் பக்கமும், சுருக்கிய ஒரு கால் மேட்டுப் பக்கமும் இருக்கட்டும். காற்றடித்தால் நடுத்தண்டில் பையைத் தொங்கவிடுங்கள். அது நிலத்தைச் சற்றே தொடாவிட்டால் ஊஞ்சலாடும். பனிமூட்ட வெளிச்சத்தில் கமரா மெதுவாகவே படம்பிடிக்கும். ஆகவே பொத்தானை அழுத்தியபின் சில வினாடி கழித்துத் தானே படமெடுக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள்.

வெடிப்புக்கு அப்பால், அசையாத நிலத்தில், கால்கள் நின்ற இடங்களில் மூன்று முளைகளை அடியுங்கள். வெடிப்பின் குறுக்கே அடிமட்டம் வைத்து, திகதியையும் குறியுங்கள். கடும் மழையில் அங்கே போக வேண்டாம். வெடிப்பு அகன்றிருந்தால் அடுத்த படத்துக்குக் காத்திராமல், கிராம உத்தியோகத்தருக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் அறிவியுங்கள்.