800-க்கு 0

மாத்தூரிலிருந்து ராயபுரம் போய் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் எம்பிபிஎஸ் படிக்கும் ஒருவர் சர்ஜரி சீட்டுக்குக் கணக்குப் போட்டால், முதல் வரி மேற்படிப்பு நுழைவுத் தேர்வான நீட் பிஜி. 200 கேள்வி, 800 மதிப்பெண், 210 நிமிடம். ஒரு கேள்விக்கு 63 நொடி. சரியான விடைக்கு 4, தவறினால் 1 போய்விடும். ஆய்வுக் கட்டுரை எழுதியவருக்கு? 0. 2025 ஆகஸ்ட் 3 தேர்வுக்குப் பதிந்த 2.42 லட்சத்துக்கும் மேற்பட்டோரில் யாரிடமும் அதைக் கேட்கவில்லை.

அமெரிக்கக் கணக்கு வேறு. அங்கே நரம்பு அறுவையில் இடம் பிடித்த உள்நாட்டு எம்.டி. மாணவர்கள் விண்ணப்பத்தில் காட்டிய கட்டுரை, சுருக்கம், மாநாட்டு உரை எல்லாம் சேர்த்துச் சராசரி 2018-இல் 18.3, 2024-இல் 37.4. நடுவே 2022 ஜனவரியில் அந்நாட்டு மருத்துவ உரிமத் தேர்வின் முதல் கட்டம் வெறும் தேர்ச்சி, தோல்வி என்றானது. மதிப்பெண் மறைந்த இடத்தில் எண்ணிக்கை ஏறி உட்கார்ந்துகொண்டது. என் கணிப்பு அது. இந்த 37-இல் போஸ்டரும் ஒன்று, முழுக் கட்டுரையும் ஒன்று. செலவும் உண்டு: 2025 சேர்க்கையில் முதல் 30 விண்ணப்பத்துக்குத் தலா 11 டாலர், அதற்குமேல் தலா 30. அறுபது இடத்துக்குப் போட்டால் 1,230 டாலர், ஏறக்குறைய ஒரு லட்சம் ரூபாய். 2025 நீட் பிஜிக்குப் பொதுப்பிரிவுக் கட்டணம் 3,500 ரூபாய்.

எண்ணிக்கைக்கு என்ன மதிப்பு என்று ஸ்டான்லியிலேயே பார்க்கலாம். 1971-இல் அங்கே கைக்காயப் பிரிவைத் தொடங்கியவர் டாக்டர் ஆர். வெங்கடசாமி. மெஷினில் விரல் போனவர்களுக்கு வடசென்னையில் பஞ்சமே இல்லை. சாய்வாக வெட்டுப்பட்ட விரல்நுனியை, அதே விரலின் பக்கவாட்டுத் தோலை முக்கோணமாக நகர்த்தி மூடும் முறையை அவரும் சுப்பிரமணியனும் 1980-இல் ஓர் அமெரிக்க இதழில் எழுதினார்கள். கட்டுரை 1. இன்றும் கை அறுவைப் பாடநூல்களில் அது வெங்கடசாமி முறைதான்.

சீட் கிடைத்த பிறகுதான் நம் ஊரில் ஆய்வுக் கணக்கு ஆரம்பம்: தீசிஸ் 1, அதோடு 2023 விதிப்படி மாநாட்டில் ஒரு படைப்பு, அல்லது இதழில் ஒரு கட்டுரை. 2022 விதிப்படி இணைப் பேராசிரியராக 2 கட்டுரை, பேராசிரியராக 4 வேண்டியிருந்தது.

ஆகவே எம்பிபிஎஸ் மாணவர்களே, இங்கேயே பிஜி படிப்பதாக இருந்தால், பணம் வாங்கிக்கொண்டு கட்டுரையில் பெயர் சேர்க்கிறவர்களுக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.